ஈர எடையும் ஜல்லியும்: தெருக் கட்டமைப்பில் செடி வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேருந்து நிழற்குடை, கைப்பிடிக் கம்பி, மேம்பாலத் தூண் இவற்றில் உயிர்ச்செடிகளை வைத்து நிறுவல் கலை செய்பவர்கள் முதலில் சறுக்குவது எடைக் கணக்கில். ஒரு மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் என்றால் தொட்டி 40 லிட்டர் பிடிக்கும். தோட்ட மண்ணை நிரப்பித் தண்ணீர் விட்டால் 65 கிலோவை ஒட்டி வந்துவிடும். காய்ந்த மண்ணைத் தூக்கிப் பார்த்துக் கிளாம்ப் வாங்கியிருந்தால், நல்ல மழை ஒன்று போதும், சரிந்துவிடும். தென்னை நார்க்கழிவும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணையும் கலந்தால் ஏறக்குறைய பாதி எடைதான். எதுவானாலும் முழுக்க நனைத்து, அடியில் சொட்டத் தொடங்கியதும் எடை போடுங்கள். கைப்பிடியின் ஒரே பக்கம் மாட்டினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். இருபுறமும் சமமாகப் பிரித்து மாட்டுங்கள்.

தொட்டியின் அடியில் ஜல்லி போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் நீர் லேசில் இறங்காது. கலவையின் அடிப்பகுதி தளும்ப ஊறிய பிறகே இறங்கும். ஆக, தேங்கும் ஈரம் ஜல்லியின் உயரத்துக்கு மேலேறி வேரிடம் வந்து நிற்கிறது. வேர் அழுக, இலை வாடுகிறது. வாடலைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், கதை முடிந்தது. ஜல்லி வேண்டாம்: 15 செ.மீ.க்கு ஒரு 10 மி.மீ. துளை, அதன்மேல் வலைத்துண்டு. வடியும் நீர் உட்கார்ந்திருப்பவர் தலையிலோ விளக்குக் கம்பத்தின் மின்பெட்டியிலோ விழாமல் பாருங்கள்.

செடிகளை வரிசைவரிசையாக அடுக்கிய செங்குத்துச் சுவரில் மேல்வரிசை காயும், கீழ்வரிசை ஊறும். தண்ணீரை ஒரேயடியாக விடாமல், சில நிமிடம் வீதம் நாளைக்கு மூன்று நான்கு முறை விடுங்கள். வறட்சி தாங்கும் செடி மேலே, ஈரம் விரும்புவது கீழே.

பாசியை மோரில் அரைத்துச் சுவரில் எழுதும் வித்தை படத்தில்தான் அழகு. வெயில் படும் சுவரில் பூஞ்சைதான் முந்திக்கொள்ளும். நிழலும் ஈரமும் உள்ள சுவரில், வளர்ந்த பாசியைப் பாயாகவே பதிப்பது மேல்.

செடி சாகும் என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஸ்பெயினின் பில்பாவ் நகரில் குகன்ஹைம் அருங்காட்சியக வாசலில் நிற்கும், கலைஞர் ஜெஃப் கூன்ஸின் ‘பப்பி’ என்ற பூச்செடிகள் போர்த்திய மாபெரும் நாய்ச் சிற்பத்துக்கு உள்ளேயே பாசனக் குழாய்கள் உண்டு, அப்படியும் ஆண்டுக்கு இருமுறை பூச்செடிகளை மாற்றுகிறார்கள். பத்துக்கு ஒன்றாவது மாற்றுச்செடி கையிருப்பில் இருக்கட்டும், அதுவும் நிறுவப்போகும் இடத்தின் வெயிலிலேயே வளரட்டும். நிழல்வலைக்குள் வளர்ந்ததை நேரே தெருவில் நட்டால் இரண்டு மூன்று நாளில் இலை வெளுத்துக் கருகும்.