கப்பல் நிற்கும் அந்தச் சில மணி நேரம்: சின்னத் துறைமுகத்தை நாமாகவே சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

குரூஸ் கப்பலில் முதல்முறை போகிறவர்களுக்குப் பெரிய தயக்கமே கரையிறங்குவதில்தான். கப்பல் நிறுவனம் விற்கும் டூரை வாங்கவில்லை என்றால் வழி தெரியாமல் நிற்போமோ, கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று பயம். பெரிய நகரங்களில் அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ரோமைப் பார்க்கப் போகிறவர்கள் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் இறங்கி ஏறக்குறைய 70 கிலோமீட்டர் போக வேண்டும். சின்னத் துறைமுகங்களின் கதை வேறு. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி நடக்கும் தொலைவிலோ, ஒரு பஸ், ஒரு ரயில் தொலைவிலோ இருக்கும். அங்கே நாமாகவே சுற்றுவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஐம்பது பேர் கூட்டத்தோடு ஒரு கொடியின் பின்னால் நடக்க வேண்டியதில்லை. பிடித்த இடத்தில் அரை மணி கூடுதலாக உட்காரலாம்.

அதற்கு நேரத்தைச் சரியாகக் கணக்குப் போடத் தெரிய வேண்டும். இதில் முக்கியமான படி அதுதான்.

படி 1: கப்பல் எங்கே, எப்படி நிற்கும் என்று பாருங்கள்

பயண அட்டவணையில் ஊர் பெயர் மட்டும்தான் இருக்கும். கப்பல் அந்த ஊரின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் நாள் அமையும்.

சில ஊர்களில் கப்பல் நேராகப் படகுத்துறையில் அணையும். மான்டிநீக்ரோவில் இருக்கும் கோட்டார் அப்படி. துறைமுக வாசலைத் தாண்டிச் சாலையைக் கடந்தால் பழைய நகரத்தின் மதில். நார்வேயின் ஃப்ளோமில் ரயில் நிலையமே கப்பல் துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மால்டாவின் வல்லெட்டாவில் ஊர் மேட்டின் மேல் இருக்கும். கீழே கடற்கரையிலிருந்து 58 மீட்டர் உயரமுள்ள அப்பர் பராக்கா லிஃப்டில் ஏறினால் ஊருக்குள் வந்துவிடலாம்.

சில ஊர்களில் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். இந்தப் படகை டெண்டர் என்பார்கள். பல இடங்களில் கப்பலின் உயிர்காப்புப் படகுகளையே இதற்கு இறக்குவார்கள். கிரீஸின் சான்டோரினித் தீவில் உள்ளூர்ப் படகுகள் வந்து ஏற்றிக்கொள்ளும். பிரான்சின் வில்ஃப்ரான்ஷும் டெண்டர் ஊர்தான்.

மூன்றாவது வகை, சரக்குத் துறைமுகம். கன்டெய்னர்களுக்கும் கிரேன்களுக்கும் நடுவே கப்பல் நிற்கும், உள்ளே நடக்க அனுமதி இருக்காது. இத்தாலியின் லிவோர்னோ ஓர் எடுத்துக்காட்டு. ஷட்டில் பஸ்ஸில்தான் வாசலைத் தாண்ட முடியும். அந்த ஷட்டில் இலவசமா, எங்கே இறக்கிவிடும், கடைசி ஷட்டில் எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் கப்பலில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதே சமயத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். அன்று அந்தத் துறைமுகத்துக்கு வேறு எத்தனை கப்பல்கள் வருகின்றன? பல துறைமுகங்கள் கப்பல் வருகைப் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. ஒரு சின்ன ஊரில் மூன்று கப்பல்கள் சேர்ந்து இறங்கினால் டாக்சி, பஸ், நுழைவுச்சீட்டு வரிசை என்று எல்லாவற்றுக்கும் ஒதுக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும்.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் தனித்தனியாகப் பாருங்கள். இத்தாலியில் கிளம்பி, கோட்டார் போய், மறுபடி இத்தாலிக்கு வரும் பயணம் ஷெங்கன் எல்லையை, அதாவது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லையை, விட்டு வெளியே போய்த் திரும்புகிறது. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா இதற்குப் போதாது.

படி 2: நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

"காலை 8 முதல் மாலை 5 வரை" என்று அட்டவணையில் இருந்தால் ஒன்பது மணி நேரம் கையில் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அவ்வளவு இல்லை.

5 மணி என்பது கப்பல் கிளம்பும் நேரம். எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம் அதற்கு முன்னால், பெரும்பாலும் அரை மணி முன்னதாக இருக்கும். ஆங்கிலத்தில் இதை ஆல் அபோர்ட் என்று அறிவிப்பார்கள். முந்தைய இரவு கேபினுக்கு வரும் தினசரித் தாளிலோ கப்பலின் செயலியிலோ இது இருக்கும். அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக, 4.30. அதிலிருந்து நம் பாதுகாப்புக்காக ஒரு மணி நேரம் கழியுங்கள். 3.30க்குத் துறைமுக வாசலில் இருக்க வேண்டும்.

காலைப் பக்கமும் குறையும். கப்பல் 8 மணிக்கு அணைந்தாலும் உள்ளூர் அதிகாரிகள் அனுமதி தந்த பிறகுதான் இறங்க விடுவார்கள். கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் நடைபாலமான கேங்வேயில் வரிசை இருக்கும். 8.45க்குக் கரையில் கால் வைப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது மிச்சம் 6 மணி 45 நிமிடம். உங்கள் திட்டம் முழுவதும் இதற்குள் அடங்க வேண்டும்.

டெண்டர் ஊர் என்றால் இன்னும் குறையும். கப்பல் நிறுவனத்தின் டூர் வாங்கியவர்களைத்தான் பெரும்பாலும் முதலில் அனுப்புவார்கள். மற்றவர்களுக்கு எண் போட்ட சீட்டு தருவார்கள். சீக்கிரம் இறங்க வேண்டுமானால் அந்தச் சீட்டைக் காலையில் முதல் வேலையாக வாங்குங்கள். திரும்பும்போது கடைசி டெண்டரை நம்பி இருக்க வேண்டாம், அதற்குத்தான் நீளமான வரிசை இருக்கும். அப்புறம், காற்றும் அலையும் அதிகமாக இருந்தால் டெண்டரே ஓடாது, கேப்டன் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போகலாம். அதனால் டெண்டர் ஊர்களில் பணம் திரும்பக் கிடைக்காத எதையும் முன்கூட்டியே பதிவு செய்யாதீர்கள்.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கப்பலின் நேரமும் கரையின் நேரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பக்கத்து நாட்டுக்குப் போகும்போது சில கப்பல்கள் நேரத்தை மாற்றும், சில மாற்றாது. நம் போன் மட்டும் கரையிலுள்ள டவரைப் பிடித்ததும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஒரு மணி நேர வித்தியாசம் கப்பலைத் தவறவிடப் போதுமானது. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்து, நாள் முழுவதும் அதை மட்டும் பாருங்கள்.

படி 3: ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம்

ஆறேழு மணி நேரத்தில் பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. நிதானமாகப் பார்க்க ஒரு பெரிய இடம், நேரம் மிஞ்சினால் பார்க்கத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம். முதல்முறை போகிறவர்களுக்கு இதுவே போதும்.

தொலைவில் இருப்பதை முதலில் முடித்துவிட்டுக் கப்பலை நோக்கித் திரும்பி வருவது பொதுவான விதி. மதியத்துக்கு மேல் ஏதாவது தாமதமானால் அப்போது கப்பலுக்குப் பக்கத்தில் இருப்போம். ஆனால் ஊரின் இயல்பைப் பார்த்து இந்த விதியை மாற்றவும் வேண்டும். கோட்டாரையே எடுத்துக்கொள்வோம். பழைய நகரத்துக்குப் பின்னால் மலை மேல் ஏறும் மதிலில் சுமார் 1,350 படிகள். அங்கிருந்து வளைகுடா முழுவதையும் பார்க்கலாம், அந்தக் காட்சிக்காகவே ஏறலாம். கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் தள்ளி பெராஸ்ட் என்ற சின்ன ஊர். அதற்கு எதிரே, பாறைகளையும் பழைய கப்பல்களையும் கடலில் மூழ்கடித்து மனிதர்கள் உருவாக்கிய ஒரு தீவு, அதில் ஒரு தேவாலயம். விதிப்படி பெராஸ்ட்தான் முதலில். ஆனால் மலை ஊருக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் படிகளில் நிழல் இருக்கும், மதியம் வெயில் நேராக விழும். கோடையில் போனால் நான் சொல்வது, முதலில் படி ஏறுங்கள், பிறகு 1166ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்ட புனித ட்ரைஃபன் பேராலயத்தைப் பாருங்கள், அதோடு பழைய நகரத்துச் சந்துகளில் நடங்கள். வளைகுடாவை ஒட்டிப் போகும் அந்தச் சாலை கோடையில் நெரிசலாக இருக்கும் என்பதால், நேரம் தாராளமாக இருந்தால் மட்டும் பெராஸ்ட். வெயில் குறைந்த மாதங்களில் தயங்காமல் பெராஸ்டை முதலில் வைக்கலாம்.

எந்த அருங்காட்சியகம் என்றாலும் வாராந்திர விடுமுறை நாளைப் பார்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் திங்கட்கிழமை மூடியிருக்கும் அருங்காட்சியகங்கள் நிறைய.

படி 4: எதில் போவது

நடை முதலில். மேப்பில் வெறும் தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஏற்றத்தையும் பாருங்கள். சான்டோரினியில் ஃபீரா ஊர் படகுத்துறைக்கு நேர் மேலே 200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. ஏற கேபிள் கார், இல்லையென்றால் சுமார் 600 படிகள். பல கப்பல்கள் நிற்கும் நாளில் மாலையில் இறங்குவதற்கான கேபிள் கார் வரிசை மிக நீளமாகிவிடும். அங்கே திரும்பும் நேரத்தைக் கணக்கிடும்போது இந்த வரிசையையும் சேர்க்க வேண்டும்.

ரயில் இருந்தால் எனக்கு எப்போதும் ரயில்தான். சாலை நெரிசல் அதைப் பாதிக்காது. வில்ஃப்ரான்ஷில் டெண்டர் இறக்கிவிடும் இடத்திலிருந்து சற்று நடந்தால் ரயில் நிலையம். ஒரு பக்கம் போனால் சில நிமிடங்களில் நீஸ், மறுபக்கம் போனால் கால் மணி நேரம் போல மொனாக்கோ. ஃப்ளோமில் 20 கிலோமீட்டர் மலை ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 866 மீட்டர் உயரத்தில் இருக்கும் மிர்டாலுக்குக் கொண்டுபோகும். அங்கே பயணம்தான் பார்க்க வேண்டிய இடமே. கப்பல் வரும் நாட்களில் இருக்கைகளுக்குப் போட்டி அதிகம், முன்பதிவு செய்துவிடுங்கள்.

பஸ் என்றால் போகும் பஸ்ஸைவிடத் திரும்பும் பஸ்தான் முக்கியம். நிறுத்தத்தில் இறங்கியதும் எதிர்ப்பக்கம் போய்க் கால அட்டவணையைப் போட்டோ எடுங்கள். ஞாயிறு, விடுமுறை நாட்களில் பஸ் குறைவு. உங்களுக்குச் சரியாக வரும் பஸ் எதுவோ, அதற்கு முந்தைய பஸ்ஸில் ஏறுங்கள். அது வராமல் போனாலும் இன்னொன்று இருக்கும்.

டாக்சியில் ஏறும் முன் நான்கு விஷயங்களைப் பேசி முடிக்க வேண்டும். சொல்லும் தொகை ஒரு ஆளுக்கா, வண்டிக்கா? ஒரு வழிக்கா, திரும்பி வருவதற்கும் சேர்த்தா? காத்திருப்புக்குத் தனிக் காசா? எந்த நாட்டுப் பணத்தில்? தொகையைப் போனில் டைப் செய்து காட்டினால் மொழிப் பிரச்சினை தீரும். திரும்பி வரும் ஏற்பாடு என்றால், துறைமுகத்துக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

கப்பல் நிறுவனத்தின் டூரை எப்போது வாங்கலாம்? போகும் இடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்து, அதற்கு ஒரே சாலை மட்டும் இருந்தால் வாங்குங்கள். அவர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவருக்குக் கப்பல் காத்திருக்காது. அந்த உறுதிக்காகப் பணம் கொடுப்பதில் தவறே இல்லை.

படி 5: முந்தைய இரவு

மேப்பை ஆஃப்லைனில் இறக்கி, கப்பல் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கட்டும். கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் போன் பிடித்துக்கொண்டால் கட்டணம் மிக அதிகம், வழக்கமான ரோமிங் திட்டங்களில் அது பெரும்பாலும் அடங்காது.

பையில் கப்பல் அட்டை, போட்டோ உள்ள அடையாள அட்டை, பாஸ்போர்ட் நகல், கொஞ்சம் உள்ளூர்ச் சில்லறை, ஒரு வங்கி அட்டை, தண்ணீர், ஒரு நாளுக்குக் கூடுதலான மருந்து. பாஸ்போர்ட்டையே எடுத்துப் போக வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், தினசரித் தாளில் சொல்லியிருப்பார்கள். கப்பல் பஃபேயிலிருந்து பழம் எடுத்துப் போக வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் அதற்கு அபராதம் உண்டு.

படி 6: இறங்கியதும்

துறைமுக வாசலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நின்று பேச வேண்டாம், பணிவாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக நடங்கள். சுற்றுலாத் தகவல் மையம் இருந்தால் உள்ளே போய் மேப் வாங்குங்கள், அன்று வேலைநிறுத்தம், சாலை மூடல் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்து வாசலையும் ஒரு போட்டோ எடுங்கள். சில துறைமுகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் இருக்கும், டாக்சிக்காரரிடம் அந்தப் போட்டோவைக் காட்டலாம்.

பாதி நேரம் ஆனதும் ஒருமுறை நின்று கணக்குப் பாருங்கள். திட்டத்தில் பின்தங்கியிருந்தால் அந்தச் சின்ன இடத்தை விட்டுவிடுங்கள். வேகமாக நடந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

படி 7: தாமதமாகிவிட்டால்

தினசரித் தாளில் போர்ட் ஏஜென்ட் என்று ஒரு பெயரும் எண்ணும் இருக்கும். அந்தத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் சார்பாக வேலை பார்ப்பவர் அவர். நேரத்துக்கு வர முடியாது என்று தெரிந்த அந்த நிமிடமே அவரை அழையுங்கள், கப்பல் கிளம்பும்வரை பொறுக்க வேண்டாம். சில நிமிடத் தாமதம் என்றால் அவர் கப்பலுக்குச் சொல்லிப் பார்ப்பார். கப்பல் போய்விட்டாலும் பெரும்பாலும் உங்கள் பாஸ்போர்ட்டைக் கேபின் பெட்டகத்திலிருந்து எடுத்து அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார்கள். அடுத்த துறைமுகத்துக்கு எப்படிப் போவது, குடியேற்ற அலுவலகத்தில் என்ன செய்வது என்பதை அவர் சொல்லுவார். செலவு உங்களுடையது. பயணக் காப்பீடு எடுக்கும்போதே, கப்பலைத் தவறவிட்டால் பணம் தருமா என்ற பகுதியைப் படித்துவிட்டு எடுங்கள்.