ரிசல்ட்டுக்கும் கட் ஓஃப்புக்கும் நடுவுல என்னா பண்றது: மலையகத்து தம்பி தங்கச்சிகளுக்கு

ஏ.எல்., அதான் உயர்தரப் பரீட்சை, எழுதிட்டு வீட்ல சும்மா இருக்கீங்க, அம்மா விடியக்காலைலயே மலைக்கு கொழுந்தெடுக்கப் போயிர்றாங்க, தண்ணி பைப்புகிட்ட நின்னாலே பக்கத்துக் காம்பராக்காரங்க "ரிசல்ட்ஸ் எப்ப வருது, கெம்பஸ் கெடைக்குமா"ன்னு புடிச்சிக்கிறாங்க, என்னா சொல்றதுன்னும் தெரியல, அப்படித்தானே? நானும் தலவாக்கலப் பக்கம் ஒரு தோட்டத்துல அப்படி உக்காந்திருந்தவதான். அப்ப எனக்கு யாரும் சொல்லித் தராததத்தான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, காத்திருக்கிறது ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. ரிசல்ட்ஸ் வர்ற வரைக்கும் ஒண்ணு, அப்புறம் கெம்பஸுக்கு எடுக்க எவ்ளோ ஸ்கோரு வேணும்னு சொல்ற வெட்டுப்புள்ளி, அதான் கட் ஓஃப், அது வர்ற வரைக்கும் இன்னொண்ணு. நம்மாளுங்க மொத காத்திருப்புக்கு கோயில்ல நேர்ந்துக்குவாங்க, ரிசல்ட்ஸ் வந்த ஒடனே கேக் வெட்டிட்டு ஓஞ்சிருவாங்க. ஆனா உங்க வாழ்க்கைய மாத்துற கெம்பஸ் விண்ணப்ப ஃபோர்ம் அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் வருது, அத நிரப்பத் தர்ற நாளும் கொஞ்சந்தான். ரிசல்ட்ஸ் வந்ததும் கொழும்புக்கு கடை வேலைக்குப் போயிட்டு இந்த ஃபோர்ம கோட்டை விட்ட பொடியனுங்கள எனக்கே தெரியும். வேலைக்குப் போறது தப்பில்ல, போறப்ப ஐ.சி. (அடையாள அட்டை), சர்டிபிகேட் எல்லாத்தையும் போட்டோ புடிச்சு ஃபோன்ல வச்சுக்கிட்டு போங்க, கிழமைக்கு ஒருக்கா ஸ்கூல் சேருக்கு கோல் எடுங்க.

இப்ப ரிசல்ட்ஸ் வர்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. பேப்பருங்க. இதுக்குத்தான் நான் நெறைய எடம் ஒதுக்கப் போறேன், ஏன்னா டவுன்ல இருக்கிற புள்ளைங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, நமக்கு இதுலதான் முக்காவாசி தலைவலி.

பர்த் சர்டிபிகேட்ட எடுத்து பக்கத்துல ஐ.சி.ய வைங்க, அதுக்குப் பக்கத்துல ஓ.எல். (சாதாரண தரம்) சர்டிபிகேட்ட வைங்க. மூணுலயும் பேரு ஒரே மாதிரி இருக்கான்னு எழுத்தெழுத்தா பாருங்க. தோட்டத்துல பேரு பதியிறப்ப அப்பா தமிழ்ல சொல்லியிருப்பாரு, எழுதுனவரு சிங்களத்துல எழுதியிருப்பாரு, அப்புறம் ஸ்கூல்ல யாரோ இங்கிலீஷுக்கு மாத்தியிருப்பாங்க, கடைசில பாத்தா மூணு பேப்பர்ல மூணு ஆளு. எனக்கு அப்பா பேருக்குப் பதிலா ஒண்ணுல தாத்தா பேரே வந்திருந்துச்சு. இத இப்பவே சரி பண்ண ஆரம்பிங்க, பிரதேச செயலகத்துக்கு ரெண்டு மூணு தடவ நடக்க வேண்டி வரும், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அன்னிக்கு நாள் சம்பளம் போகும், அதனால என்னென்ன கொண்டு வரணும்னு மொதல்லயே கேட்டு எழுதிக்கிட்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல கொண்டு போங்க.

அடுத்தது அட்ரஸ். லயத்துல நம்பர் இருக்கோ இல்லியோ, கடிதம் வந்து சேர்றது தோட்டத்து ஒஃபிஸுக்குத்தான். அங்க மேசைல எத்தன நாள் கெடக்கும்னு சொல்ல முடியாது. எனக்கு வந்த ஒரு கடிதம் பதினோரு நாள் அங்க கெடந்துச்சு, மழைக்கு சாக்கு கட்டின ஜன்னலுக்குக் கீழ, கலர் போயி. அதனால டவுன்ல இருக்கிற நம்பிக்கையான கடை, மாமா வீடு, இல்லாட்டி ஸ்கூல் சேர் வீடு, அப்படி ஒரு அட்ரஸ் குடுக்க முடியுமான்னு அவங்ககிட்ட கேட்டு வைங்க. இப்ப பாதி விஷயம் ஒன்லைன்ல நடக்குது, அதனால சொந்தமா ஒரு ஈமெயில் தொறந்து பாஸ்வர்ட கொப்பில எழுதி வைங்க. கொமியுனிகேஷன் கடை அண்ணனோட ஈமெயில்ல எதையும் பதியாதீங்க, அவரு நல்லவராவே இருக்கட்டும், நாளைக்கு கடைய மூடிட்டா என்னா பண்ணுவீங்க.

அம்மா அப்பாவோட சம்பளச் சீட்டையும் சேத்து வைங்க, வீசிறாதீங்க. மகாபொல, பர்சரின்னு கெம்பஸ் புள்ளைங்களுக்கு மாசாமாசம் தர்ற உதவிக் காசு எல்லாத்துக்கும் குடும்ப வருமானம் காட்டணும், கிராம சேவகர்ட்ட போனா அவரு கேக்குற மொத கேள்வியே அதான். மகாபொலய 2025 பட்ஜெட்டுல மாசம் 5000 ரூபாய்லருந்து 7500 ஆக்கினாங்க, போர்டிங் காசுக்கே சரியாப் போயிரும், ஆனா அது இல்லாம நம்ம வீட்லருந்து ஒருத்தர் கெம்பஸ் போறது ரொம்ப செரமம்.

சரி, ரிசல்ட்ஸ் நாள். பரீட்சைத் திணைக்களத்து சைட் அன்னிக்கு சிக்கித்தான் நிக்கும், லயத்துக்குப் பின்னாடி சிக்னல் வர்ற பாறைல ஏறி நின்னு நூறு தடவ ரிஃப்ரெஷ் பண்ணி டேட்டாவ முடிக்காதீங்க, ஸ்கூலுக்கும் வரும், ராத்திரி போல சைட்டும் லேசாகிரும். பாக்குறப்ப ஏ, பி, சி மட்டும் பாத்துட்டு மூடாதீங்க. இசட் ஸ்கோரு, மாவட்ட ரேங்க், தீவு ரேங்க், ஏ.எல்.லோட சேத்து எழுதுற பொதுச் சாதாரண பரீட்சை (கொமன் ஜெனரல் டெஸ்ட், ஓ.எல். இல்ல) மார்க்ஸ் எல்லாத்தையும் எழுதிக்கங்க. கெம்பஸுக்கு விண்ணப்பிக்க மூணு பாடமும் பாஸாகி இருக்கணும், பொதுச் சாதாரண பரீட்சைல கொறஞ்சது 30 இருக்கணும்.

இசட் ஸ்கோருன்னா என்னான்னு நெறைய பேருக்கு இன்னும் குழப்பம். ஒரு பாடத்துல எழுதின எல்லாரோட சராசரி 45, நியம விலகல் (மார்க்ஸ் சராசரிலருந்து எவ்ளோ பரவி இருக்குங்கிற அளவு) 15ன்னு வச்சுக்குவோம், நீங்க 75 எடுத்தா சராசரிய விட 30 கூட, அத 15ஆல பிரிச்சா உங்க இசட் 2. இன்னொரு பாடத்துல சராசரி 60, விலகல் 10, அங்கயும் அதே 75தான் எடுத்தீங்க, ஆனா இசட் 1.5தான். மத்தவங்கள விட எவ்ளோ மேல நிக்கிறீங்கங்கிறதுதான் கணக்கு. மூணு பாடத்தோட இசட்டையும் கூட்டி மூணால பிரிச்சா உங்க ஸ்கோரு. அதனாலதான் மூணு ஏ எடுத்த ரெண்டு பேருல ஒருத்தருக்கு கெடைக்குது, இன்னொருத்தருக்கு கெடைக்கல. மார்க்ஸ்ல சந்தேகம் இருந்தா ரீகரெக்ஷனுக்குப் போடலாம், அதுக்கும் கடைசி நாள் இருக்கு, காசு கட்டணும். சும்மா ஆசைக்குப் போடாதீங்க, கிளாஸ்ல எப்பவும் செஞ்ச அளவ விட ஒரு பாடம் மட்டும் தனியா விழுந்திருந்தா போடுங்க.

இனி மாவட்டக் கணக்கு. ஆர்ட்ஸ்ல பெரும்பாலும் தீவு முழுக்க ஒரே மெரிட்தான். மத்த ஸ்ட்ரீம்ல 40 வீதம் தீவு மெரிட், 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் கல்வில பின்தங்கினதுன்னு எடுத்த 16 மாவட்டத்துக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி எல்லாம் அந்த லிஸ்ட்டுல இருக்கு, கண்டி, மாத்தளை, கேகாலை இல்ல. கினிகத்தேனைக்கும் நாவலப்பிட்டிக்கும் பஸ்ஸுல கொஞ்ச நேரந்தான், ஆனா ஒண்ணு நுவரெலியா மாவட்டம், மத்தது கண்டி, வெட்டுப்புள்ளி வேற வேற. பரீட்சைக்கு முந்தின மூணு வருஷம் நீங்க படிச்ச ஸ்கூல் எந்த மாவட்டத்துல இருக்குங்கிறதுதான் முக்கியம், வீடு எங்க இருக்குங்கிறது இல்ல. நடுவுல ஸ்கூல் மாறினவங்க இந்தப் பகுதிய கைநூல்ல ரெண்டு தடவ வாசிங்க.

கைநூல்னு சொன்னேன்ல, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருஷமும் விடுற புக்கு, தமிழ்லயும் வருது. தடிச்ச புக்கு, பாத்ததும் தூக்கம் வரும். ஆனா டியூஷன் சேர் சொன்னாரு, ஃபேஸ்புக்ல பாத்தேன், அக்காவோட ஃப்ரெண்டு சொன்னா, இது எல்லாத்தையும் விட அதுல என்னா எழுதியிருக்கோ அதுதான் சட்டம். உங்க பாடங்களுக்கு எந்தெந்த கோர்ஸ் போடலாம்னு அதுல கோடு போட்டுக்கிட்டே வாங்க. சில கோர்ஸுக்கு தனியா அப்டிடியூட் டெஸ்ட் இருக்கு, மொரட்டுவைல கட்டடக்கலை அப்படித்தான், அந்த டெஸ்ட்டுக்கு வேறயா விண்ணப்பிக்கணும், அத விட்டுட்டா இசட் ஸ்கோரு எவ்ளோ இருந்தும் பிரயோசனம் இல்ல.

கோர்ஸ வரிசப்படுத்துறதுலதான் நான் ஏமாந்தது. போன வருஷ கட் ஓஃப்ப பாத்துட்டு, எனக்குப் புடிச்சது கெடைக்காதுன்னு நானே முடிவு பண்ணி, கெடைக்கும்னு நெனச்சத மேல போட்டேன். வெட்டுப்புள்ளி வந்தப்ப பாத்தா புடிச்சதுக்கே என் ஸ்கோரு போதும். ஆனா மேல போட்டதத்தான் குடுப்பாங்க, நம்ம கேட்டது அதத்தானே. அதனால மேலருந்து உண்மையா ஆசப்பட்ட வரிசைல எழுதுங்க, எட்டாததா இருந்தாலும் மேல போடுறதால கீழ இருக்கிறது பறிபோகாது, மேல கெடைக்கலன்னா தன்னால கீழ எறங்கி வரும். கீழ மட்டும் நிச்சயம் கெடைக்கும்ங்கிற மாதிரி நாலஞ்சு போட்டு வைங்க. போன வருஷ கட் ஓஃப்ப எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சுக்க மட்டும் பாருங்க.

பொம்பளப் புள்ளைங்களுக்கு வீட்ல "தூரம்"னு ஒரு பிரச்சினை வரும். யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, வேணாம்னுவாங்க. சண்ட புடிக்காதீங்க, ஏற்கனவே அங்க படிக்கிற நம்ம ஊரு புள்ளைய ஒரு ஞாயித்துக்கெழம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து அம்மாகிட்ட பேச விடுங்க, எங்க வீட்ல அதுதான் வேல செஞ்சுச்சு. கிட்டத்துல வேணும்னா பேராதனை இருக்கு, பதுளைல ஊவா வெல்லஸ்ஸ இருக்கு, அங்க தேயிலைத் தொழில்நுட்பத்துக்குன்னே டிகிரி இருக்கு. தலவாக்கலை சென்ட் கூம்ஸ்ல தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1925ல தொடங்கினது. அந்த கேட்டுக்கு முன்னால பஸ்ல போயிட்டு வந்தே வளந்தோம், உள்ள போயி வெள்ளக் கோட்டு போட்டு வேல செய்யலாம்னு நம்மள்ல யாருக்காச்சும் தோணியிருக்கா?

கெடைக்கலன்னா? மூணு தடவ எழுதலாம், செக்கன்ட் ஷை, அதான் ரெண்டாந் தடவ எழுதிப் பாக்குறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. பத்தனைல ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கு, டீச்சிங் ஆசை இருக்கிறவங்க கெசட்ட பாத்துக்கிட்டே இருங்க. கண்டிலயும் பதுளைலயும் உயர் தொழில்நுட்ப நிறுவனத்துல ஹெச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) படிக்கலாம், வேலை செஞ்சுக்கிட்டே படிக்கணும்னா திறந்த பல்கலைக்கழகம். ஒரு விஷயம் மட்டும், கெம்பஸ்ல பதிஞ்சுட்டா அடுத்த வருஷம் வேற கோர்ஸுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது, அதனால அரமனசோட போயி பதியாதீங்க.

கடைசியா, லெக்சரர் ஆகணும்ங்கிற ஆசை உள்ளுக்குள்ள இருக்கிறவங்களுக்கு. வெளில சொன்னா சிரிப்பாங்கன்னு பேசாம இருப்பீங்க, எனக்குத் தெரியும். கொழும்புக் கெம்பஸ்ல கல்வியியல் பேராசிரியரா இருந்த சோ. சந்திரசேகரன், பேராதனைல பொருளியல் பேராசிரியரா இருந்த மு. சின்னத்தம்பி, இவங்கல்லாம் மலையகத்து ஆளுங்கதான். வழி இருக்கு, ஆனா அது மூணாவது வருஷத்துல தொடங்காது, மொத செமஸ்டர்ல தொடங்கிருது. பொதுவா விரிவுரையாளர் வேலைக்கு நாலு வருஷ ஹொனர்ஸ் டிகிரி, அதுல ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லாட்டி செக்கன்ட் அப்பர் கேப்பாங்க, பல கெம்பஸ்ல அது ஜீ.பீ.ஏ. (எல்லாப் பாடத்து கிரேட்டோட சராசரி) 3.70, 3.30. ஆர்ட்ஸ்ல ஹொனர்ஸுக்கு எடுக்கிறதே மொத வருஷ ரிசல்ட்ட வச்சுத்தான், அந்த வருஷம் ராக்கிங், ஹோம்சிக், புது சாப்பாடுன்னு நாள் போயிரும், முழிச்சுப் பாக்குறப்ப ஜீ.பீ.ஏ. 2.6ல நிக்கும், அப்புறம் மூணு வருஷம் ஓடினாலும் மேல இழுக்கிறது மலையேறுற மாதிரி.

இங்கிலீஷ் இப்பவே ஆரம்பிங்க. காத்திருக்கிற இந்த மாசங்கள்ல ஒரு நாளைக்கு ஒரு பக்கம் இங்கிலீஷ் பேப்பர் சத்தமா வாசிச்சு, தெரியாத அஞ்சு சொல்ல எழுதுங்க, அவ்ளோதான். தமிழ் மீடியத்துல படிச்சாலும் ஆராய்ச்சிக் கட்டுரைங்க பாதிக்கு மேல இங்கிலீஷ்லதான் இருக்கும், எம்.ஃபில்., பி.ஹெச்.டி.னு போனா சொல்லவே வேணாம். சிங்களமும் விட்றாதீங்க, ஒஃபிஸ்ல ஒரு ஃபோர்ம் வாங்கவே அது வேணும்.

டிகிரி முடிஞ்சதும் மொதல்ல கெடைக்கிறது தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலை, கொன்ட்ராக்ட்தான், அது முடிஞ்சா திரும்ப விண்ணப்பிக்கணும். நான் இப்ப நிக்கிறது அங்கதான். நிரந்தரம்னா தகுதிகாண் விரிவுரையாளரா எடுத்து, குறிச்ச காலத்துக்குள்ள மேல் பட்டம் முடிக்கச் சொல்வாங்க, அப்புறம் சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர்னு போகும். விளம்பரம் கெம்பஸ் சைட்லயும் பேப்பர்லயும் வரும், ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பாத்தா போதும். இன்டர்வியூக்குப் போறப்ப ஒரிஜினல் பர்த் சர்டிபிகேட்டயும் எடுத்துட்டுப் போங்க, பேரு விஷயத்த அங்கயும் கேப்பாங்க. என்கிட்ட கேட்ட மொத கேள்வியே "இதுல இருக்கிறது உங்க அப்பாவா தாத்தாவா"ங்கிறதுதான்.