மஞ்சள் மாத்திரை வாங்கும் முன் மிளகு டப்பாவைத் திறங்க

தாளிக்கும்போது எண்ணெய் சூடானதும் மஞ்சள் தூளைப் போட்டு, இறக்கும் முன் கொஞ்சம் மிளகுத் தூள் தூவுங்க. மஞ்சளின் பலனுக்காக மாத்திரை வாங்கும் செலவு பெரும்பாலானவர்களுக்கு மிச்சம்.

மஞ்சளின் பலனுக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வெறும் வெந்நீரில் கலக்கிக் குடித்தால் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். மிளகில் உள்ள பைப்பரின், குடலும் ஈரலும் குர்குமினைச் சிதைப்பதைத் தாமதப்படுத்துகிறது. 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு பல மடங்கு கூடியது. பாட்டிமார் பாலில் மஞ்சளோடு மிளகைத் தட்டிப் போட்டதற்குக் காரணம் கேட்டால் சளி என்பார்கள், கணக்கு இதுதான்.

ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான். மூட்டு வலிக்கு ஆய்வுகளில் கொடுத்த அளவு சமையலில் கிடைக்காது. அதற்காக மாத்திரைதான் வேண்டுமென்றால், 'மஞ்சள் 500 மி.கி.' என்பதை விட்டுவிட்டுக் குர்குமின் எவ்வளவு என்று லேபிளில் பாருங்க. பைப்பரின் சேர்த்த மாத்திரை என்றால் கூடுதல் கவனம்: ஈரல் பாதிப்பு சிலருக்கு வந்திருக்கிறது, ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023-ல் எச்சரித்தது. கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்க.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடவே கூடாது. குழம்பில் போடும் கால் ஸ்பூனுக்கு இந்தப் பயம் தேவையில்லை.