‘ஈ-ஐ’ ஸ்டாம்பிங் டை செய்யும் முறை

கோவையில் ஸ்டெபிலைசருக்கும் ஸ்டார்ட்டர் பேனலுக்கும் போகிற சிறிய டிரான்ஸ்ஃபார்மர்களில் பெரும்பாலும் ‘ஈ-ஐ’ ஸ்டாம்பிங்தான், அதாவது E, I எழுத்து வடிவில் வெட்டி, கோராக அடுக்கும் தகடுகள். இதற்கு டை (பிரஸில் தகட்டை வெட்டும் அச்சு) செய்பவர் முதலில் மனதில் ஏற்ற வேண்டியது கழிவில்லா அமைப்பின் கணக்கு. வெளிக்காலின் அகலம் ஒரு பங்கு என்றால் நடுக்கால் இரண்டு பங்கு, கால்களுக்கு இடையிலுள்ள ஜன்னல் ஒன்றுக்கு மூன்று, ‘ஈ’ முழுதும் ஆறுக்கு நான்கு. இரண்டு ‘ஈ’ கால்நுனியோடு கால்நுனி ஒட்டி நிற்கும்போது, நடுவில் விழும் ஜன்னல்கள் இரண்டும் அப்படியே இரண்டு ‘ஐ’ ஆகின்றன. துளையில் விழும் பொட்டைத் தவிர எதுவும் வீணாகாது.

நடுக்கால் 25.4 மி.மீ. உள்ள அளவை எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கு 12.7. பட்டையின் அகலம் 76.2, பிட்ச் (ஒரு அடிக்குப் பட்டை நகரும் தூரம்) 101.6, ‘ஐ’ 76.2க்கு 12.7. பட்டையின் அகலமே ‘ஈ’யின் அகலம் என்பதால், தகட்டுச் சுருளான காயிலை அந்த அகலத்துக்குச் சரியாக ஸ்லிட் செய்யாமல் டையை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் பயனில்லை. கால்கள் பட்டையின் நீளவாக்கில் அமையட்டும். சி.ஆர்.ஜி.ஓ. (படிகங்கள் ஒரே திசையில் அமைந்த சிலிக்கான் எஃகு) தகட்டில் உருட்டிய திசையில்தான் காந்தம் எளிதாக ஓடும்.

வரிசை இப்படி: முதல் நிலையில் எட்டுத் துளைகள், அடுத்து பைலட் (துளைக்குள் நுழைந்து பட்டையைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஊசி), மூன்றாவதில் இரண்டு ‘ஐ’களும் கீழே விழும், கடைசியில் ஒரு பஞ்ச் (மேலிருந்து இறங்கி வெட்டும் பகுதி) கால்நுனியையும் முதுகையும் ஒரே அடியில் பிரிக்கும். ஒரு ‘ஈ’ டைக்குள் விழும், மற்றது முன்பக்கச் சரிவில் வழுக்கி வெளியேறும். மூன்று கால்நுனிகளும் ஒரே கோட்டில் 0.02 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். தவறினால் ‘ஐ’யோடு சேருமிடத்தில் காற்றிடைவெளி விழுந்து, சுமையே இல்லாதபோதும் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும்.

பிரஸுக்கு வேண்டிய டன் கணக்கு: வெட்டும் நீளம் × தகட்டின் கனம் × சதுர மி.மீ.க்கு சுமார் 40 கிலோ. 0.5 மி.மீ. தகட்டில் ‘ஐ’ இரண்டுக்கும் 7.1 டன், பிரிக்கும் வெட்டுக்கு 2.5, 4.5 மி.மீ. துளைகள் எட்டுக்கும் 2.3. ஸ்டிரிப்பர் (பஞ்சிலிருந்து தகட்டைக் கழற்றும் பிளேட்) ஸ்பிரிங்கையும் சேர்த்தால் 13 - 14 டன் வரும். 25 டன் பிரஸ் போதும் என்று தோன்றும். ஆனால் சி வடிவ பிரஸ் சுமை ஏறும்போது வாய் பிளக்கும். அந்தச் சாய்வு நேராக கிளியரன்ஸில், அதாவது பஞ்சுக்கும் டைக்கும் உள்ள இடைவெளியில், போய் உட்காரும். இரு பக்கமும் தூணுள்ள 40 டன் எச் ஃபிரேம் பிரஸ் கிடைத்தால் அதையே எடுங்கள்.

இந்த டையின் ஆயுள் கிளியரன்ஸில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குத் தகட்டின் கனத்தில் 5 சதவீதம்: 0.5 தகட்டுக்கு 0.025, 0.35 தகட்டுக்கு 0.0175 மி.மீ. ‘ஐ’யின் அளவை டைதான் தரும், ஆகவே டையை முழு அளவில் அறுத்து, பஞ்சைக் குறையுங்கள். துளைக்கு இது நேர் எதிர்: பஞ்ச் முழு அளவு, டை பெரிது. புதியவர்கள் இதை மாற்றிப் போட்டுவிட்டு, ‘ஐ’ ஏன் 0.05 கூடி வருகிறது என்று தேடுவார்கள்.

சி.ஆர்.என்.ஜி.ஓ. (படிகத் திசை இல்லாத சிலிக்கான் எஃகு) தகட்டுக்கு டி2 என்ற கருவி எஃகு தாங்கும். சி.ஆர்.ஜி.ஓ.வின் மேல்பூச்சு கண்ணாடி போன்றது, முனையைத் தின்றுவிடும். அளவான ஆர்டர் என்றால் டி2, தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் கார்பைடு. டி2வை ஒயர்கட்டுக்கு (கம்பியில் மின்பொறி விட்டு அறுப்பதற்கு) கொடுக்கும் முன் 500 டிகிரிக்கு மேல் இரண்டு முறை டெம்பர் செய்யச் சொல்லுங்கள். கடினம் 58 - 60 ராக்வெல் சி தான் வரும், பரவாயில்லை. 200 டிகிரியில் டெம்பர் செய்து 62 வாங்கிய பிளேட்டில் உள்ளழுத்தம் அடங்கியிருக்காது. ஒயர் பாதி போகும்போதே ‘டக்’கென்று வெடித்த பிளேட்டுகள் உண்டு. ஜன்னலை ஹார்டனிங்குக்கு முன்பே 2 - 3 மி.மீ. விட்டுத் திறந்துவைப்பதும் உதவும். முதல் வெட்டோடு நிறுத்தாமல் அதன் மேல் மெல்லியதாகச் சீவும் இரண்டு ஸ்கிம் வெட்டாவது போடுங்கள். தீப்பொறியில் உருகி உறைந்த மேல்தோல் அப்படியே இருந்தால் அங்கிருந்துதான் முனை உதிரும்.

மூலையைக் கவனியுங்கள். 0.25 ஒயர் டையின் உள்மூலையில் ஏறத்தாழ 0.14 மி.மீ. ரேடியஸ் விட்டுவிடும். பஞ்சின் மூலை கூராக இருந்தால் அங்கே கிளியரன்ஸ் இல்லாமல் போய் இடிக்கும். பஞ்ச் மூலைக்கும் 0.12 - 0.15 ரேடியஸ் கொடுங்கள். கூர்மூலையே வேண்டுமென்றால் டையைத் துண்டு துண்டாக புரொஃபைல் கிரைண்டிங் செய்து பூட்டுவதுதான் வழி. செலவு கூடும், ஆனால் உடைந்த துண்டை மட்டும் மாற்றலாம். டைத் துளையில் முனையிலிருந்து நேர்ப்பகுதி 4 மி.மீ., அதன் கீழ் பக்கத்துக்குக் கால் டிகிரி சரிவு.

ஏ.சி. அறையில் அறுத்த டை பிளேட்டையும், சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் துளை போர் செய்த பஞ்ச் பிளேட்டையும் உடனே ஒப்பிடாதீர்கள். எஃகு 100 மி.மீ. நீளத்துக்கு 10 டிகிரியில் 0.0115 நீளும். 15 டிகிரி வித்தியாசத்தில் ஒரு பிட்சிலேயே 0.0175 போய்விடும், 0.35 தகட்டின் முழு கிளியரன்ஸும் அவ்வளவுதான். இரண்டையும் ராத்திரி முழுக்க ஒரே மேஜையில் வைத்துவிட்டு, காலையில் வெள்ளென அளந்து பாருங்கள்.

நான்கு பில்லர் பால் கேஜ் (குண்டுகள் மேல் வழுக்கும் தூண்) டை செட், ஸ்டிரிப்பருக்குள் தனி வழிகாட்டித் தூண்கள், இதில் சிக்கனம் வேண்டாம். துளை பஞ்சுகள் ‘ஐ’ பஞ்சைவிட ஒரு தகட்டுக் கனம் குட்டையாக இருக்கட்டும். மெல்லியவை பெரிய பஞ்சின் அதிர்வில் முறியாமல் தப்பும். பைலட் எல்லாவற்றையும்விட நீளம்.

டவல் (பிளேட்டை அதன் இடத்தில் நிலைநிறுத்தும் ஊசி) போடுமுன் மெல்லிய தாளை வைத்து பிரஸைக் கையால் சுற்றி இறக்குங்கள். சுத்தமாக அறுந்த பக்கம் இடைவெளி குறைவு, நார் நாராக நிற்கும் பக்கம் அதிகம். பிறகு தகட்டில் அடித்து வெட்டுமுகத்தை லென்ஸில் பாருங்கள்: மேலே பளபளப்பான பட்டை, கீழே மங்கிய முறிவு. அந்தப் பட்டை சுற்றிலும் ஒரே அகலத்தில் ஓடினால் டவலைப் போடலாம்.

பொட்டு திரும்ப மேலே ஏறி வந்தால் முதலில் பஞ்சில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கிரைண்டிங் மேக்னட்டிலிருந்து எடுத்ததும் காந்தம் நீக்காமல் விடுவது வழக்கமான தவறு. அடுத்த காரணம் அதிக எண்ணெய்.

பிசிறு 0.03 மி.மீ. தாண்டினால் டையை இறக்கிவிடுங்கள். அந்தப் பிசிறு பக்கத்துத் தகட்டின் பூச்சைக் கிழித்து இரண்டையும் இணைக்கும், சுழல் மின்னோட்டம் ஓடும், கோர் சுடும். கூலன்ட் விட்டு ஒரு பாஸுக்கு 0.005 - 0.01 என்று மொத்தம் 0.12 மி.மீ. எடுத்தால் முனை புதிதாகும். தள்ளிப்போட்டால் அதே முனைக்கு 0.4 எடுக்க வேண்டியிருக்கும். 4 மி.மீ. நேர்ப்பகுதியில் முப்பது தடவைக்கு மேல் தீட்ட முடியும் என்பது முதல் கணக்கு. இரண்டாவதில் பத்தோடு முடிந்துவிடும்.