லீவர் ரைபிளில் முன்குறி மாற்றுகிறீர்களா? முதலில் அளந்து பாருங்கள்

பென்சில்வேனியா காடுகளில் ரைபிளால் மான் வேட்டையாடும் பருவம் நவம்பர் கடைசியில் தொடங்குகிறது. அந்தச் சமயத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அப்பா வைத்திருந்த பழைய லீவர் ரைபிளை, அதாவது அடியில் உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் வின்செஸ்டர் 94 அல்லது மார்லின் 336-ஐ எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்கு, குழல் முனையில் முன்குறியாக நிற்கும் கறுப்பு முள் கண்ணுக்கே தெரியாமல் போகும் நேரம் அது. கறுப்பு முள், பின்னால் கறுப்பு மரம், நடுவில் பழுப்பு மான். நாற்பது வயதைத் தாண்டிய கண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பளிச்சென்று தெரியும் முன்குறி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான். வாங்குகிற அவசரத்தில்தான் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, பெரிய மணி (முன்குறியின் உச்சியில் உள்ள சின்னக் குமிழ்) இருந்தால் நன்றாகத் தெரியும் என்று தடிமனானதை வாங்குவது. தெரியும்தான், ஆனால் மானை மறைத்துவிடும். கணக்கு போட்டுப் பாருங்கள். 20 அங்குலக் குழல் கொண்ட கார்பைனில் (குட்டை ரைபிளில்) கண்ணுக்கும் முன்குறிக்கும் நடுவே ஏறக்குறைய 30 அங்குலம் இருக்கும். 1/16 அங்குல மணி 100 கஜத்தில் ஏழரை அங்குலத்தை மறைக்கும். 3/32 அங்குல மணியோ பதினொன்றே கால் அங்குலத்தை மறைக்கும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியே சுமார் 8 முதல் 10 அங்குலம்தான். அடர்ந்த காட்டில் 50 கஜத்துக்குள் மட்டுமே சுடுகிறவருக்குப் பெரிய மணி பொருந்தும். திறந்த வயலோரம் உட்காருகிறவர் சிறியதை எடுப்பதே நல்லது. இன்னொன்று, மணி கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள பின்குறியின் பள்ளத்துக்குள் உட்காரும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். பள்ளத்தை மணி அடைத்துக்கொண்டால் நடு எது என்று கண்ணால் பிடிக்க முடியாது.

நிறத்தைக் கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. அங்கே சிவப்பு நெருப்பு மாதிரி மின்னும். வெளிச்சம் குறையக் குறைய மனிதக் கண் சிவப்பை முதலில் கைவிடும், பச்சை பக்கம் சாயும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செக் விஞ்ஞானி புர்கின்யே கவனித்துச் சொன்ன விஷயம் இது. மாலை மங்கலில் சுட வேண்டியிருந்தால் பச்சை ஒளி இழை வைத்த குறிதான் என் தேர்வு. சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களும் இதை யோசிக்க வேண்டும். வெள்ளை மணி நிழலில் அருமையாக இருக்கும், பனி விழுந்த தரையில் காணாமல் போகும். வழவழப்பான பித்தளை மணிக்கு வேறொரு குணம் உண்டு. பக்கவாட்டு வெயில் பட்டால் ஒரு விளிம்பு மட்டும் ஜொலிக்கும். கண் அந்த விளிம்பையே நடு என்று எடுத்துக்கொள்ளும், தோட்டா வெயிலுக்கு எதிர்ப்பக்கம் விலகும். வட்டமாக உருண்ட முகத்தை விட, தட்டையாக, கண்ணைப் பார்த்த முகம் உள்ள மணி இந்த விஷயத்தில் நம்பகமானது.

ஒளி இழை வைத்த குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த பிளாஸ்டிக் இழை தன் உடம்பில் விழும் வெளிச்சத்தைச் சேர்த்து முனையில் காட்டுகிறது, அவ்வளவுதான். இருட்டில் தானாக ஒளிராது. அதன் மேல், முன்குறியை மூடிப் பாதுகாக்கும் பழைய கூடு ஒன்றை மாட்டினால் குடித்துக்கொண்டிருந்த வெளிச்சத்தையும் பறித்துவிடுகிறோம். குழலைச் சுத்தம் செய்யும் சில திரவங்கள் பட்டால் இழை மங்கிப்போகும், முள்செடியில் சிக்கினால் ஒடியும். மாற்று இழை ஒன்றிரண்டைப் பையில் வைத்திருங்கள்.

சரி, இப்போது உயரம். பெரும்பாலானோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முன்குறி உயர்ந்தால் தோட்டா தாழும், முன்குறி தாழ்ந்தால் தோட்டா உயரும். இரண்டு குறிகளுக்கும் நடுவே 16 அங்குலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய குறி பழையதை விட 0.030 அங்குலம் உயரம். ஏழெட்டு ஏ4 தாள்களை அடுக்கினால் வருகிற தடிமன், கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் 100 கஜம் என்பது 3600 அங்குலம். 0.030-ஐ 3600-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 6.75. ஏறக்குறைய ஏழு அங்குலம் கீழே போய் விழும்!

அதனால் பழைய குறியைக் கழற்றுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். பின்குறியை ஏற்றி இறக்கும் படிக்கட்டுத் தகட்டை நடுப்படியில் வையுங்கள், அப்போதுதான் பிறகு மேலும் கீழும் நகர இடம் இருக்கும். வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதையே போட்டு மூன்று அல்லது ஐந்து சுட்டுப் பாருங்கள். இந்த ரைபிள்களில் வழக்கமான .30-30 தோட்டாவில் 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டும் 170 கிரெயின் குண்டும் ஒரே இடத்தில் விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இலக்கில் விழுந்த துளைகளின் கூட்டம் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று அளந்து, மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால் தேவையான உயரம் கிடைக்கும். 100 கஜத்தில் 5 அங்குலம் மேலே போகிறதென்றால், 5-ஐ 16-ஆல் பெருக்கி 3600-ஆல் வகுக்க வேண்டும். 0.022 அங்குலம் உயரமான குறி வேண்டும். வெர்னியரால் பழையதை அளந்து இதைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: அட்டையில் போட்டிருக்கும் உயரம் காடியின் (குறியைச் செருகும் பள்ளத்தின்) அடியிலிருந்தா, குழலின் மேற்பரப்பிலிருந்தா? இரண்டையும் குழப்பிக்கொண்டால் மேலே போட்ட கணக்கு மொத்தமும் வீண்.

“உயரமாக வாங்கி அராவிக்கொள்ளலாம்” என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். வெறும் தகடாக உள்ள குறிக்கு அது சரியான யோசனை. மணியோ ஒளி இழையோ உள்ளதில் மேலே அரம் போட்டால் அந்த மணியே போய்விடும்.

மாட்டும் வேலைக்கு வருவோம். அதற்கு முன், துப்பாக்கி காலிதானா? லீவரை ஒருமுறை இழுத்து, அறை காலி என்று பார்த்துவிட்டு நிம்மதியடைவது ஆபத்தான பழக்கம். குழலுக்குக் கீழே உள்ள தோட்டாக் குழாயில் வரிசையாகத் தோட்டாக்கள் நிற்கலாம், அடுத்த இழுப்பில் ஒன்று அறைக்குள் ஏறிவிடும். குழாயின் தள்ளுகட்டை கண்ணுக்குத் தெரியும் வரை பாருங்கள். மேசையில் ஒரு தோட்டாகூட இருக்க வேண்டாம்.

குழலில் குறியைப் பிடித்திருக்கும் டவ்டெயில் காடி (அடியில் அகன்று மேலே குறுகும் பள்ளம்) பெரும்பாலும் 3/8 அங்குலம், ஆனால் எல்லாத் துப்பாக்கியிலும் காடியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். பழைய வின்செஸ்டர் கார்பைன்கள் சிலவற்றில் தகடு ஒரு சின்ன ஊசியால் பொருத்தப்பட்டிருக்கும். மார்லின் 336-இல் திருகு போட்ட ரேம்ப் (சாய்வான மேடை) மேல் காடி இருக்கும். உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

காடி என்றால் வழக்கம் இதுதான். சுடுகிற நிலையில் பிடித்துப் பார்க்கும்போது, பழையதை இடமிருந்து வலமாகத் தட்டிக் கழற்ற வேண்டும், புதியதை வலமிருந்து இடமாகச் செலுத்த வேண்டும். குழலைத் தோல் அல்லது மரம் வைத்து வைஸில் பிடியுங்கள். தோட்டாக் குழாயைப் பிடித்து இறுக்கினால் அது நசுங்கும். இரும்பு பஞ்ச் வேண்டாம், பித்தளையோ நைலானோ போதும். அடி விழ வேண்டிய இடம் குறியின் அடிப்பகுதி. மணியின் பக்கம் தட்டினால் வளையும், ஒடியும்.

புதியது இறுக்கமாக இருந்தால் பலர் காடியை அராவுகிறார்கள். இதைப் படித்ததும் ஒரு துப்பாக்கியாவது தப்பித்தால் எனக்கு மகிழ்ச்சி. காடி குழலின் உடம்பு, அகன்றால் திரும்பி வராது. அராவ வேண்டியது குறியைத்தான், அதிலும் அதன் அடித்தளத்தை. முப்பட்டை அரத்தின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டால், அடித்தளத்தை அராவும்போது சாய்வுப் பக்கத்தில் பல் பதியாது. இரண்டு இழுப்பு, மாட்டிப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. பெருவிரலால் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய் நின்றுவிட வேண்டும். மீதியைச் சுத்தியல் பார்த்துக்கொள்ளும். தளர்வாக இருந்தால் நீல நிற திருகுப் பசை ஒரு துளி போதும். சிவப்பு நிறப் பசையை எடுக்காதீர்கள். பின்னால் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும், அந்தச் சூட்டில் ஒளி இழை உருகிவிடும்.

சுட்டுச் சரிபார்க்கும்போது 25 கஜத்தில் தொடங்குங்கள், அப்புறம் 50, கடைசியில் 100. தோட்டா இடப்பக்கம் போனால் முன்குறியையும் இடப்பக்கமே நகர்த்த வேண்டும். பின்குறியின் விதிக்கு இது நேர் எதிர், பழகியவர்களும் இங்கே மாற்றித் தட்டிவிடுகிறார்கள். குழலிலும் குறியிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தட்டினால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் மணி மங்கலாகவே தெரிந்தால், அடுத்த மணியைத் தேடாதீர்கள். கோளாறு கண்ணின் குவியத்தில் இருக்கலாம். பின்னால் சின்னத் துளை வைத்த பீப் குறி ஒன்றை மாட்டிப் பாருங்கள். துளை வழியே பார்க்கும்போது முன்குறியும் மானும் சேர்ந்தே தெளியும். பலருக்கு அதற்குப் பிறகு பழைய கறுப்பு முள்ளே போதுமானதாக இருந்துவிடுகிறது.