பிறந்தபோது பாஸ், அதனால் இப்போதும் நார்மலா? குழந்தைகளின் செவித்திறன் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வருகிறவர்களின் ஆய்வு வரைவுகளைப் படித்தால், ஒரு காலத்தில் நாங்கள் எழுதியவை போலவே இருக்கின்றன. கருவியை அளவு சரிபார்க்காதது, ஒப்புதல் படிவத்தை மறப்பது எல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை விடுவோம்.

பிறந்தநேரத்து ஸ்கிரீனிங்கை நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒப்பீட்டுக் குழுவுக்கு நன்றாகக் கேட்கிறது என்று எப்படித் தெரியும் எனக் கேட்டால், "பிறந்ததும் எடுத்த ஸ்கிரீனிங்கில் எல்லாரும் பாஸ்" என்பார்கள். பிள்ளைக்கு இப்போது நாலு வயது!

அந்த ஸ்கிரீனிங்கில் எடுக்கும் ஓஏஇ சோதனை, உட்செவியின் வெளி மயிர்ச்செல்கள் எழுப்பும் மெல்லிய ஒலியை மட்டும்தான் பதிவு செய்கிறது. செவி நரம்பில் கோளாறுள்ள குழந்தையும் அதில் ஜம்மென்று தேறிவிடும்; அதைப் பிடிக்க, ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் பதிலைப் பதியும் ஏபிஆர் வேண்டும். தானியங்கி ஏபிஆரிலும் லேசான இழப்பு நழுவக்கூடும். கருவிலேயே சைட்டோமெகலோ வைரஸ் தொற்றிய குழந்தைகள் சிலருக்குப் பிறக்கும்போது நன்றாகவே கேட்கும், குறைவது அப்புறம்தான்.

ஒரு மாணவி, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்வது பற்றித் தரவு கொண்டுவந்தார். லேசான இழப்புள்ள குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மூளை ஈடுகட்டிவிடுகிறது என்று பக்கம் பக்கமாக விளக்கம் வேறு. ஒப்பீட்டுக் குழுப் பிள்ளைகளைத் திரும்ப வரவழைத்து டிம்பனோமெட்ரி (காதில் காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தோம். சிலருக்குக் கோடு மேடு கட்டாமல் தட்டையாகக் கிடந்தது: நடுச்செவியில் நீர். சரி, சோதனை நடந்த அன்றும் நீர் இருந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது. நடுச்செவி நீர் வரும், போகும். அத்தனை மாத உழைப்பும் வீண்.

சோதனை நாளன்றே டிம்பனோமெட்ரியும் இரண்டு காதுக்கும் தூய ஒலிச் சோதனையும் (ஒவ்வொரு அலைவெண்ணிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று பார்ப்பது) எடுத்துவிடுங்கள். கேள்வித்தாளில் "காது நன்றாகக் கேட்கிறதா?" என்று பெற்றோரைக் கேட்பது இதற்கு ஈடாகாது.

கைக்குழந்தைக்கு 226 ஹெர்ட்ஸ்

டிம்பனோமெட்ரியில் காதுக்குள் விடும் ஒலி, ஆறு மாதத்துக்குள் என்றால் 1000 ஹெர்ட்ஸ். 226இல் நீர் இருந்தாலும் படம் நார்மல்போல வரலாம்.

தலை திருப்பினால் கேட்டதாக எழுதுவது

ஒலி கேட்டுத் தலை திருப்பினால் பொம்மைக்கு விளக்கு எரியும் சோதனையில், ஒலியே கொடுக்காத சுற்றுகளையும் இடையிடையே கலந்து வையுங்கள். பொம்மை ஒளிரும் என்ற ஆசையில் குழந்தை அப்போதும் திரும்பும். மடியில் வைத்திருக்கும் அம்மாவின் ஹெட்போனில் ஏதாவது ஓடட்டும். அவர் உடம்பு லேசாக விறைத்தாலே குழந்தைக்குத் துப்புக் கிடைத்துவிடும்.

குறைமாதக் குழந்தையின் வயது

திருத்திய வயதை (பிறந்த நாளிலிருந்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயதை) எழுதுங்கள். அவ்வளவுதான்.

தூங்கும் குழந்தைக்கு ஏபிஆர்

ஒரே காதில் எல்லா அலைவெண்ணையும் முடிக்கப் பார்க்காதீர்கள். முதலில் இரண்டு காதிலும் 2000 ஹெர்ட்ஸ். நடுவில் விழித்துக்கொண்டால் அதுவாவது மிஞ்சும்.