பையர் கேட்கும் 'நவீன அடிமைத்தனம்' கேள்விக்கு, ஒரு பனியன் யூனிட் எங்கிருந்து தொடங்குவது?

திருப்பூரில் சின்னதாக ஒரு ஏற்றுமதி யூனிட் வைத்திருக்கிறீர்கள். வெளிநாட்டு பையரிடமிருந்து, அதாவது உங்கள் சரக்கை வாங்கும் கம்பெனியிடமிருந்து, மெயில் வருகிறது: 'நவீன அடிமைத்தனத்தைத் தடுக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' யாரையும் நாம் கட்டிப்போட்டு வேலை வாங்கவில்லையே என்று முதலில் கோபம்தான் வரும். அவர் சும்மா கேட்கவில்லை. பிரிட்டனில் 2015-ல் வந்த சட்டப்படி, ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டு அல்லது அதற்கு மேல் வியாபாரம் செய்யும் கம்பெனிகள் இதைப் பற்றி வருஷா வருஷம் அறிக்கை வெளியிட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 2018-ல் இதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. அவருடைய அறிக்கைக்கு உங்கள் பதில் வேண்டும்.

பலரும் நெட்டில் ஒரு கொள்கை அறிக்கையை எடுத்து, லோகோவை மாற்றி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: எதைத் தேடுகிறோம்?

சங்கிலியைத் தேடாதீர்கள். வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரால் வேறு வேலைக்குப் போக முடியவில்லை, வெளியே நடமாட முடியவில்லை, குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் அது கொத்தடிமைத்தனம். 1976-ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் பார்ப்பது இதைத்தான். முன்பணமே இல்லாவிட்டாலும், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

படி 2: ஒரு தாளில் வரைபடம் போடுங்கள்

பஞ்சு, நூல் மில், நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று பதில் வேண்டும்: ஆட்களைக் கூட்டி வருவது யார், அவர்கள் எந்த ஊர், இரவில் எங்கே தூங்குகிறார்கள். ஏஜென்ட், வெளியூர், ஹாஸ்டல் மூன்றும் சேர்ந்து வரும் இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

பெரும்பாலும் அந்த வட்டம் நூல் மில்லில்தான் விழும். சுமங்கலித் திட்டம் ஞாபகம் இருக்கும். கிராமத்துப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மில் ஹாஸ்டலில் சேர்த்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்ற பேச்சு. இடையில் உடம்புக்கு முடியாமல் கிளம்பினால் அந்தப் பணம் போச்சு. அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. அதனால் பெயரைக் கேட்காதீர்கள், சம்பளத்தில் ஒரு பகுதியைக் கடைசிவரை நிறுத்தி வைக்கிறார்களா என்று கேளுங்கள்.

புதுசாக ஷெட் கட்டுகிறீர்களா? செங்கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது என்பதையும் தாளில் சேருங்கள், முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பது அங்கேயும் உண்டு.

படி 3: முன்பண நோட்டைப் பாருங்கள்

முக்கியமான வேலை இதுதான். கம்பெனி ரிஜிஸ்டர் சுத்தமாக இருக்கும், காண்ட்ராக்டர் பையில் இருக்கும் நோட்டு வேறு கதை சொல்லும். நான் பார்த்த ஒரு நோட்டில், ஒரு பையன் பெயருக்கு நேரே முன்பணம் 12,000 ரூபாய். சனிக்கிழமைதோறும் 400 பிடித்தம், 25 வாரத்துக்கு 10,000. பாக்கி 2,000 இருக்க வேண்டும். நோட்டில் 9,300 இருந்தது. ரயில் டிக்கெட், கட்டில் வாடகை, காய்ச்சலுக்கு ஊசி, ஏஜென்ட் கமிஷன் என்று இடையில் 7,300 ஏற்றியிருந்தார்கள். அந்தப் பையனுக்கு அதில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாது.

நீங்கள் வைக்க வேண்டிய விதி: ஆள் சேர்க்கும் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. முன்பணம் கொடுத்தால் வட்டி கிடையாது, கணக்கு அவர் மொழியில் அவர் கையிலும் இருக்க வேண்டும், பாக்கியைக் காட்டி யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது. கொத்தடிமைக் கடன் என்று புகார் வந்தால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான். இதைக் காண்ட்ராக்டரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நோட்டு தானாக வெளியே வரும்.

படி 4: ஹாஸ்டல் கேட்டில் நில்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை போங்கள். கேட் சாவி யாரிடம், வெளியே போக யார் கையெழுத்து, ஆதாரும் ஏடிஎம் கார்டும் யார் பெட்டியில்? அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "நாளைக்கே ஊருக்குப் போகணும்னா என்ன செய்வீங்க?" "வார்டன் அக்காகிட்ட சொல்லிட்டுக் கிளம்புவேன்" என்றால் சரி. பதில் சொல்லாமல் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தால் அதுவும் பதில்தான். ஒடிசாக்காரரிடம் பேச, அவரைக் கூட்டி வந்த ஏஜென்ட்டையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். இந்தத் தப்பை நானே இரண்டு முறை செய்திருக்கிறேன்.

படி 5: உங்கள் ஆர்டரையும் பாருங்கள்

பத்து நாள் வேலையை ஐந்து நாளில் கேட்டு, பீஸுக்குக் காசையும் குறைத்தால், உங்களிடம் ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை) எடுத்தவர் ராத்திரி ஷிப்ட்டுக்கு ஆட்களைப் பூட்டி வைப்பார். அவரிடம் ஒப்பந்தம் கேட்பதற்கு முன் ரேட்டைச் சரிசெய்யுங்கள்.

படி 6: புகாருக்கு வழி

கேமராவுக்குக் கீழே தொங்கும் புகார்ப் பெட்டியில் சாக்லேட் பேப்பர்தான் விழும். திண்டுக்கல்லில் 2022-ல் தொழிற்சங்கம், ஏற்றுமதி நிறுவனம், வெளிநாட்டு பிராண்டுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பெண் தொழிலாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத்தான் அது. அதன்படி தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று வேலைத்தளத்தில் இருந்தார்கள். சின்ன யூனிட்டுக்கும் இந்த யோசனை பொருந்தும்.

படி 7: கண்டுபிடித்துவிட்டால்?

பயந்துபோய் ராவோடு ராவாக ஆட்களை ரயிலேற்றாதீர்கள், சப்ளையரை உடனே வெட்டியும் விடாதீர்கள். இரண்டிலும் நஷ்டப்படுவது அந்தத் தொழிலாளிதான். கலெக்டர் அல்லது கோட்டாட்சியரிடம் தெரிவியுங்கள். விடுவிப்புச் சான்றிதழும் மறுவாழ்வு உதவியும் அந்த வழியாகத்தான் கிடைக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் போன் செய்யுங்கள். பிடித்த பணத்தைக் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வையுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள்.

இனி அந்த மெயிலுக்கு வரலாம். 'ஏதாவது கண்டறிந்தீர்களா?' என்ற கட்டத்தில் எல்லோரும் 'இல்லை' என்று டிக் அடிப்பார்கள். நீங்கள் நோட்டில் பார்த்ததையும் திருப்பிக் கொடுத்த தொகையையும் எழுதுங்கள். கொள்கை அறிக்கையை அதற்குப் பின்னால் இணைத்தால் போதும்.